பெயர் மறந்த சிறுமியும் பெயர் மறவாத இறைவனும்



நம் பங்கில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கும்போது அருள்பணியாளர் பெற்றோரிடம் கேட்கும் முதல் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்பதே அந்தக் கேள்வி. தண்ணீர், திருத்தைலம், வெண்ணிற ஆடை, எரியும் திரி எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஒரு பெயருக்குத் திருஅவை ஏன் இவ்வளவு மதிப்புத் தருகிறது? இதைப் புரிந்துகொள்ள, தன் பெயரையே மறந்துபோன ஒரு சிறுமியின் வாழ்வை இன்று நாம் சிந்திப்போம். பிப்ரவரி 8ஆம் நாள் நாம் நினைவுகூரும் புனித ஜோஸ்பின் பக்கித்தாவே அந்தச் சிறுமி.

1869ஆம் ஆண்டு வாக்கில் சூடான் நாட்டின் டார்பூர் பகுதியில் அவர் பிறந்தார். பிறந்த நாள் எது என்று அவருக்கே தெரியாது. குறைவில்லாத குடும்பம், அன்பான பெற்றோர், பல உடன்பிறப்புகள். அந்த வீட்டின் மூத்த மகள் ஒருத்தியை அடிமை வணிகர்கள் ஏற்கெனவே கடத்திச் சென்றிருந்தார்கள். அந்தக் காயம் ஆறுவதற்குள், ஏழு முதல் ஒன்பது வயதுக்குள் இருந்த இந்த மகளையும் வயல்வெளியில் வைத்துப் பிடித்துச் சென்றார்கள். அந்தத் தாயின் நிலையைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

சிறுமியைப் பீடித்த அச்சம் எவ்வளவு பெரியது என்றால், அப்பா அம்மா இட்ட பெயரே அவர் நினைவிலிருந்து போய்விட்டது. பிடித்துச் சென்றவர்கள் தாங்களாகவே 'பக்கித்தா' என்று ஒரு பெயர் வைத்தார்கள். அரபு மொழியில் அதற்கு 'அதிர்ஷ்டசாலி' என்று பொருள். பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட பிள்ளைக்கு அதிர்ஷ்டசாலி என்று பெயர்! இதைவிடக் கொடிய கேலி வேறு என்ன இருக்க முடியும்?

அதன்பின் பல நூறு கிலோமீட்டர் தூரம் வெறுங்காலோடு நடக்க வைக்கப்பட்டார். சந்தையில் ஆடு மாடுகளைப் போல மீண்டும் மீண்டும் விற்கப்பட்டார். ஒரு படைத்தலைவரின் வீட்டில் நாள்தோறும் சாட்டையடி. அங்கே அடிமை என்பதற்கு அடையாளமாக அவர் உடலில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கத்தியால் கீறி, அந்தக் காயங்களில் உப்பைத் தேய்த்தார்கள். அப்போது அவர் பதின்வயதைத் தொடும் பிள்ளை.

இங்கே ஒரு கேள்வி எழலாம். ஒருவருக்குச் சொந்தப் பெயர் எப்படி மறந்துபோகும்? மனித நினைவு ஒரே பெட்டிக்குள் அடுக்கி வைத்த பொருள் போன்றதன்று. நடப்பது, சமைப்பது, தைப்பது போன்ற பழக்கங்கள் ஒரு வகை நினைவு. நேற்று என்ன நடந்தது, நான் யார், யாருடைய பிள்ளை என்பவை வேறு வகை. தாங்க முடியாத அதிர்ச்சி வரும்போது இந்த இரண்டாவது வகை நினைவில் ஒரு பகுதி மூடிக்கொள்வது உண்டு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். போரிலும் வன்முறையிலும் சிக்கியவர்களிடம் இதைக் கண்டிருக்கிறார்கள். நடந்ததைத் தாங்க வலுவில்லாத மனம் கதவை அடைத்துக்கொள்கிறது. மேலும், நம் பெயர் நம் நினைவில் நிலைப்பதற்குப் பிறரும் ஒரு காரணம். தாய் கூப்பிடுகிறார், அண்ணன் கூப்பிடுகிறார், தெருவில் விளையாடும் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிட ஒருவர்கூட இல்லாத இடத்துக்கு அந்தச் சிறுமி கொண்டுபோகப்பட்டார்.

அப்படியானால் அவர் தம்மை மீண்டும் கண்டடைந்தது எப்படி?

1880களின் தொடக்கத்தில், கார்ட்டூம் நகரில் இருந்த இத்தாலியத் தூதர் கலிஸ்தோ லெஞ்ஞானி அவரை விலைக்கு வாங்கினார். அந்த வீட்டில் சாட்டை இல்லை. 1885இல் தூதர் சூடானை விட்டுப் புறப்பட்டபோது, தன்னையும் அழைத்துச் செல்லும்படி பக்கித்தா கெஞ்சிக் கேட்டார். இத்தாலியில் வேறொரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டு, அவர்களுடைய பெண்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அமர்ந்தார். அப்போது அவருக்குப் பதினாறு வயது இருக்கலாம்.

பெயரை மறந்த அவர் ஒன்றை மறக்கவில்லை. சிறுவயதில் கதிரவனையும் நிலாவையும் விண்மீன்களையும் பார்த்து, இவ்வளவு அழகானவற்றுக்கு உரிமையாளர் யாராக இருக்கும், அவரைப் பார்க்க வேண்டுமே என்று ஏங்கியதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் குடும்பத்தின் சொத்துகளைக் கவனித்துவந்த ஒருவர் அவருக்கு ஒரு வெள்ளிப் பாடுபட்ட சுரூபத்தைக் கொடுத்தார். அது என்னவென்று பக்கித்தாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் யாரும் எடுத்துவிடக் கூடாதென்று ஒளித்து வைத்துக்கொண்டார். அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட பொருள் அது. சாட்டையால் அடிக்கப்பட்ட ஒருவரின் உருவம், சாட்டையால் அடிக்கப்பட்ட ஒரு பிள்ளையின் கைக்கு வந்தது.

1888இல், அந்த வீட்டுத் தலைவி வெளிநாடு செல்ல வேண்டியிருந்ததால், குழந்தையையும் பக்கித்தாவையும் வெனிஸ் நகரில் கனோசியன் அருள்சகோதரிகளின் பொறுப்பில் விட்டுச் சென்றார். அங்கே மறைக்கல்வி கற்றார் பக்கித்தா. விண்மீன்களின் உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது. அந்த ஆண்டவர் தன்னை அறிந்திருக்கிறார், தன்னைப் படைத்தவர் அவரே, தன்னை அன்பு செய்கிறார் என்று கேட்டபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்! அதுவரை அவருக்குத் தெரிந்த 'ஆண்டவர்கள்' எல்லாரும் அவரை விலை கொடுத்து வாங்கியவர்கள்.

வீட்டுத் தலைவி திரும்பி வந்து அழைத்தபோது, பக்கித்தா வர மறுத்தார். அதுவரை 'ஆகட்டும்' என்று மட்டுமே சொல்ல அனுமதிக்கப்பட்ட வாய், முதல்முறையாக 'மாட்டேன்' என்று சொன்னது. வழக்கு நீதிமன்றம் சென்றது. இத்தாலியச் சட்டம் அடிமைமுறையை ஏற்பதில்லை. எனவே சட்டத்தின் முன் அவர் ஒருபோதும் அடிமையாக இருந்ததே இல்லை என்று 1889 நவம்பர் 29 அன்று தீர்ப்பானது. உடலெல்லாம் அடிமைத்தழும்பு, ஆனாலும் உண்மை வேறாக இருந்தது.

1890 ஜனவரி 9 அன்று திருமுழுக்கும் உறுதிபூசுதலும் புதுநன்மையும் பெற்றார். ஜோஸ்பின், மார்கரெட் என்ற பெயர்களோடு 'பொர்த்துனாத்தா' என்ற பெயரும் இடப்பட்டது. பக்கித்தா என்பதற்கு அதுவே இலத்தீன் மொழிபெயர்ப்பு. கவனியுங்கள்: கடத்தியவர்கள் கேலியாக வைத்த பெயரை இறைவன் துடைத்து எறியவில்லை. அதையே எடுத்து உண்மையாக்கித் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் அடிக்கடி அந்தத் திருமுழுக்குத் தொட்டியை முத்தமிட்டு, நான் கடவுளின் மகளானது இங்கேதான் என்று சொல்லி மகிழ்வாராம்.

பெற்றோர் இட்ட பெயர் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. சாகும்வரை அது நினைவுக்கு வரவில்லை. ஆனாலும் தாம் யார் என்பது அவருக்கு ஐயமறத் தெரிந்திருந்தது. இன்றைய சிந்தனையின் மையம் இதுதான். நாம் யார் என்பது நாம் எதை நினைவில் வைத்திருக்கிறோம் என்பதை மட்டும் பொறுத்ததன்று. நம்மை யார் நினைவில் வைத்திருக்கிறார் என்பதையும் பொறுத்தது. தாய் தன் பிள்ளையை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று ஆண்டவர் கூறுவதை இறைவாக்கினர் எசாயா நூல் 49ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்த மகதலா மரியா, பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பிறகுதான் உயிர்த்த ஆண்டவரை அறிந்துகொண்டார்.

பக்கித்தா 1896இல் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தார். ஸ்கியோ என்ற ஊர் மடத்தில் சமையல், தையல், கோவில் பணி, வாயில் காப்பது என்று பல ஆண்டுகள் பணியாற்றினார். வாசலுக்கு வந்த பிள்ளைகளின் தலைமீது அன்போடு கைவைத்து ஆசீர் அளித்தார். சபைத் தலைவியர் கேட்டுக்கொண்டபோது தம் கதையைச் சொன்னார். 1931இல் அது நூலாக வெளிவந்தது. கேட்பதற்கு அன்பானவர்கள் இருந்ததால், சிதறிக் கிடந்த நினைவுகள் ஒரு வாழ்க்கையாக ஒன்றுசேர்ந்தன.

ஆனால் காயம் முற்றிலும் மறைந்துவிட்டது என்று நாம் சொல்லக் கூடாது. 1947இல் இறக்கும் தறுவாயில் அவர் மீண்டும் அந்த அடிமை நாள்களுக்குள் போய்விட்டார். பக்கத்தில் இருந்து கவனித்தவரிடம், சங்கிலியைத் தளர்த்துங்கள், கனமாக இருக்கிறது என்று கெஞ்சினார். பெயர் திரும்பவில்லை, சங்கிலி திரும்பி வந்தது. புனிதருக்கும் அப்படித்தான். ஆனால் அவருடைய கடைசி வார்த்தை சங்கிலியைப் பற்றியதாக இல்லை. அன்னை மரியாவை அழைத்தபடியே பிப்ரவரி 8ஆம் நாள் உயிர்விட்டார். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார். 2015 முதல் அவருடைய திருநாள், மனித வணிகத்துக்கு எதிரான செப நாளாகவும் அனுசரிக்கப்படுகிறது.

அன்பார்ந்தவர்களே, நம் வீடுகளுக்கு வருவோம். பெற்ற பிள்ளையைப் பார்த்து 'நீ யாருப்பா?' என்று கேட்கும் வயதான அம்மாக்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். "எங்களையே தெரியவில்லையே சாமி" என்று அழுகிற பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். அவர்களுக்குப் பக்கித்தா சொல்லும் ஆறுதல் இது: அம்மா மறந்தாலும், அவரை நீங்கள் 'அம்மா' என்று கூப்பிடுவதை நிறுத்தாதீர்கள். நற்கருணை கொண்டுவரும்போது நாங்களும் அவரைத் திருமுழுக்குப் பெயர் சொல்லியே அழைப்போம். நினைவை அவர் இழக்கும்போது, அவருக்காக அதைச் சுமப்பது நம் கடமை.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தேர்வில் தோற்றவள், கறுத்தவள், உருப்படாதவன் என்று பிறர் உங்களுக்குப் பெயர் வைக்கலாம். வீட்டிலேயே சிலசமயம் நாம் வைக்கிறோம். பெற்றோர்களே, இதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். கடத்தியவர்கள் வைத்த பெயர் பக்கித்தாவின் முடிவாகவில்லை. உங்களுக்கும் அது முடிவாகாது.

இந்த வாரத்தில் ஒருநாள், ஆலயத்தில் திருமுழுக்குத் தொட்டியின் அருகே சற்று நின்று, உங்கள் பெயரை ஆண்டவர் முன் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

மன்றாடுவோம்: எங்களைப் பெயர் சொல்லி அழைத்த ஆண்டவரே, நினைவிழந்தோரையும், கடத்தப்பட்டு விற்கப்படும் பிள்ளைகளையும், தாங்கள் யார் என்று தேடித் தவிக்கும் இளையோரையும் உம் கரத்தில் ஏந்திக்கொள்ளும். அவர்களை உம் பெயரால் கூப்பிடும் குரலாக எங்களை ஆக்கும். ஆமென்.