பாட்டியின் முகம் பளிச்சென்று விழ 10,000 ரூபாய் போனே போதும்!

துக்க வீட்டில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: 'ஃபிரேம் போட நல்ல போட்டோ இருக்கா?' வீட்டிலிருக்கும் போன்களில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கும். ஆனால், தாத்தாவோ பாட்டியோ தனியாக, தெளிவாகத் தெரியும் படம் ஒன்றுகூட இருக்காது. கடைசியில் யாருடைய கல்யாண குரூப் போட்டோவிலிருந்தோ முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்குவார்கள்.

'நம்மிடம் இருப்பது சாதாரண போன்தானே' என்று அந்தப் படத்தைத் தள்ளிப்போட வேண்டாம். விலை குறைந்த போனிலும் நல்ல படம் வரும். அதற்குத் தேவை வெளிச்சம்.

ஏன் மங்குகிறது?

விலை குறைந்த போன்களில், ஒளியைப் படமாக மாற்றும் சென்சார் பெரும்பாலும் சிறியது. ட்யூப்லைட் மட்டும் எரியும் அறையில் அதற்குப் போதிய ஒளி கிடைப்பதில்லை. எனவே, கூடுதல் நேரம் எடுத்து ஒளியைச் சேர்க்கிறது. அதற்குள் கை லேசாக அசைந்தாலும் படம் கலங்கிவிடும். குறைந்த ஒளியில் படம் புள்ளி புள்ளியாகவும் விழும். அந்தப் புள்ளிகளை போனே அழிக்கும்போது, முகத்தின் நுணுக்கங்களும் சேர்ந்து அழிந்து மெழுகு பொம்மைபோல ஆகிவிடுகிறது.

'50 மெகாபிக்ஸல்' என்ற எண்ணை நம்பிப் பயனில்லை. அத்தகைய போன்களில் பெரும்பாலானவை நான்கு பிக்ஸல்களை ஒன்றாக்கி, சுமார் 12 மெகாபிக்ஸல் படத்தையே தருகின்றன.

எங்கே உட்கார வைக்கலாம்?

காலை அல்லது மாலையில் திண்ணை, வாசல், ஜன்னலோரம் என நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சமான இடம் சிறந்தது. முகம் வெளிச்சத்தைப் பார்த்திருக்கட்டும். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துவிடும். அறையின் விளக்குகளை அணைத்துவிடுங்கள். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் முகத்தின் நிறம் மாறித் தெரியும். ஃபிளாஷும் வேண்டாம்.

எடுக்கும்போது...

* லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்திருந்தால் படம் புகை மூடியதுபோல இருக்கும்.

* செல்ஃபி கேமராவைத் தவிர்த்து, பின்பக்க கேமராவில் எடுங்கள்.

* ஜூம் வேண்டாம். இந்த போன்களில் ஜூம் என்பது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். நாலைந்து அடி தூரத்தில் நில்லுங்கள். மிகவும் நெருங்கினால் மூக்கு பெரிதாகத் தெரியும்.

* திரையில் முகத்தைத் தொடுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் முகத்துக்கு ஏற்ப அமையும்.

* பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். அந்தச் சுருக்கங்களோடுதான் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியைத் தெரியும்.

* 'சிரிங்க' என்று சொல்லாதீர்கள். பழைய கதை ஒன்றைக் கேளுங்கள். அவர் பேசப் பேச, பத்துப் பதினைந்து படங்கள் எடுங்கள்.

எடுத்த பிறகு...

வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் படத்தின் தரம் குறையும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். போன் தொலையலாம், பழுதாகலாம். எனவே, இருப்பதில் நல்ல படத்தை ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டுவிடுங்கள். முதல் பிரதியைப் பாட்டி கையிலேயே கொடுங்கள். தன் படம் எப்படி வந்திருக்கிறது என்று அவரும் பார்க்கட்டும்!