உங்களுக்குத் தெரியுமா? சின்னமலை விஸ்வநாதன் வீட்டுச் சேதிகள்

பணக்காரச் சம்பந்தம் தேடும் எஸ்டேட் அப்பா, சினிமாப் பைத்தியம் தலைக்கேறிய மகன், பட்டணத்தில் படித்துவிட்டு வந்த இரண்டு மகள்கள். இந்தக் குடும்பத்தை அறியாத தமிழர் குறைவு. 1964-இல் ஸ்ரீதர் இயக்கி வெளியிட்ட ‘காதலிக்க நேரமில்லை’ பற்றிச் சில துணுக்குகள்.

● சின்னமலை எந்த மாவட்டம் என்று தேடாதீர்கள். அது கதைக்காக வைத்த பெயர். திரையில் நாம் பார்ப்பது பொள்ளாச்சிக்குப் பக்கத்து ஆழியாறு. அணை அப்போது புத்தம் புதுசு. வின்சென்ட்டின் கேமரா வழியாக ஈஸ்ட்மென் கலரில் அந்த ஊரைப் பார்த்த பிறகு, ஆழியாறுக்குச் சுற்றுலா போக ஆசைப்படாதவர் யார்?

● ‘கல்யாண பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று ஊரையே அழ வைத்தவர் ஸ்ரீதர். அவரைச் சிரிப்புப் பக்கம் இழுத்து வந்ததில் பெரும்பங்கு ‘சித்ராலயா’ கோபுவுக்கு உண்டு. இருவரும் செங்கல்பட்டுப் பள்ளித் தோழர்கள்.

● படத்தில் வில்லனே கிடையாது. அப்பாவின் பேராசை ஒன்றே போதும் என்று விட்டுவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த அப்பாவாக நடித்த டி.எஸ். பாலையா, எம்.ஜி.ஆர். அறிமுகமான ‘சதிலீலாவதி’யில் (1936) வில்லனாக நுழைந்தவர்!

● வேலை போன ரவிச்சந்திரன், முதலாளி வீட்டு வாசலிலேயே கூடாரம் அடித்து, அவர் பெயரைச் சொல்லி வேலை கேட்டுப் பாடுவாரே, அந்த விஸ்வநாதன் யார்? கதையில் பாலையா. படத்துக்கு இசையமைத்த இரட்டையரில் ஒருவர் பெயரும் அதுவே.

● ரவிச்சந்திரனுக்கு இதுதான் முதல் படம். மலேசியாவில் பிறந்து, படிக்கத் திருச்சிக்கு வந்தவர்.

● காஞ்சனா முன்பு விமானப் பணிப்பெண். சொந்தப் பெயர் வசுந்தராதேவி. அதே பெயரில் வைஜயந்திமாலாவின் அம்மா ஏற்கெனவே புகழ்பெற்ற நடிகை என்பதால் புதுப்பெயர் தேவைப்பட்டது.

● ரவிச்சந்திரனின் பணக்கார அப்பாவாகத் தாடியும் கோட்டுமாக வேஷம் கட்டுவார் முத்துராமன். கதையில் முத்துராமனின் நிஜ அப்பாவாகப் பின்பாதியில் வந்து சேரும் வி.எஸ். ராகவன், வயதில் அவரைவிட நான்கே ஆண்டு மூத்தவர். ஆக, இந்த இரண்டு அப்பாக்களுக்குமே நரை மேக்கப் உபயம்தான்!

● 1965-இல் தெலுங்கில் ‘பிரேமிஞ்சி சூடு’. 1966-இல் இந்தியில் ‘ப்யார் கியே ஜா’, அதையும் இயக்கியவர் ஸ்ரீதரே. தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் நடித்தவர் ராஜஸ்ரீ. பிறகு கன்னடத்துக்கும் மராத்திக்கும் கூடப் போனது இந்தக் கதை. இந்தியில் நாகேஷ் வேடத்தைச் செய்த மெஹ்மூத் அதற்காக ஃபிலிம்ஃபேர் விருது வாங்கினார்.

● கடைசியாக, அந்தக் கதை சொல்லும் காட்சி. கேமரா இல்லை, கதை இல்லை, கையில் காசும் இல்லை. ஆனால் ‘ஓஹோ புரொடக்சன்ஸ்’ என்று கம்பெனி மட்டும் இருக்கிறது, மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷிடம். கதாநாயகி? சச்சு கிடைத்தாயிற்று. மிச்சம் அப்பாவின் பணம்தான். அதற்காக அவரை உட்கார வைத்து ஒரு திகில் கதையை ஆரம்பிக்கிறார் நாகேஷ். பின்னணிச் சத்தங்கள் எல்லாம் அவர் வாயாலேயே. சொல்பவரோ உற்சாகத்தில் துள்ளுகிறார், கேட்பவருக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

இயக்குநர் தாதா மிராசி இப்படித்தான் சத்தங்களோடு கதை சொல்வாராம், அதுவே இந்தக் காட்சிக்கு வித்து என்பார்கள். அவர் அதே 1964-இல் சிவாஜியை வைத்து எடுத்தது என்ன தெரியுமா? ‘புதிய பறவை’. அதுவும் திகில் படம்தான்!

இந்தக் காட்சிக்கு நாம் கைதட்டுவதெல்லாம் நாகேஷுக்கு. பாதி பங்கு எதிரில் இருப்பவருக்குச் சேர வேண்டும் என்பது என் கட்சி. அடுத்த முறை டிவியில் வரும்போது நாகேஷைக் காதால் மட்டும் கேளுங்கள், கண்ணைப் பாலையாவின் முகத்தில் வையுங்கள்.