சாகோஸ்: 'நிரந்தரக் குடிகள் இல்லை' என்று எழுதப்பட்ட தீவுகள்

2021 ஒக்டோபரில் கனடாவை நோக்கிப் போன படகொன்று இந்து சமுத்திரத்தின் நடுவே தத்தளித்தது. அதிலிருந்த 89 பேரில் பெரும்பாலானோர் ஈழத்தமிழர்கள். பிரித்தானியக் கடற்படை அவர்களை டியேகோ கார்சியாவில் இறக்கியது. அங்கே மூன்று வருடங்களுக்கு மேலாக, எலிகள் ஓடும் கூடாரங்களில், வேலிக்குள் பலர் கிடந்தார்கள். நம்மில் பலர் அந்தத் தீவின் பெயரைக் கேட்டதே அப்போதுதான். பிரித்தானியாவின் ஆட்சியில் உள்ள மண்ணில் நின்றவர்களின் புகலிடக் கோரிக்கை ஏன் பிரித்தானியாவின் வழமையான நடைமுறைக்குள் வரவில்லை? அதை விளங்கிக்கொள்ள 1965 இற்குப் போகவேண்டும்.

மாலைதீவுக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீற்றரில் சிதறிக்கிடக்கும் அறுபதுக்கு மேற்பட்ட சிறு தீவுகளே சாகோஸ். ஆபிரிக்காவிலிருந்தும் மடகஸ்காரிலிருந்தும் அடிமைகளாகவும், பின்னர் இந்தியாவிலிருந்து கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் பரம்பரை அங்கே வாழ்ந்தது. தென்னந்தோட்டமும் கொப்பறாவும்தான் தொழில். அவர்களுக்கென்று ஒரு கிரியோல் மொழி, தேவாலயம், இடுகாடு எல்லாம் இருந்தன.

1965 நவம்பரில், மொரிசியஸுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு முன்பாகவே, பிரித்தானியா இந்தத் தீவுகளைப் பிரித்தெடுத்துப் புதிய ஆள்புலமொன்றை உருவாக்கியது. மொரிசியஸுக்கு 30 இலட்சம் பவுண் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு ஒரு தளம் வேண்டியிருந்தது. பதிலுக்கு, பொலாரிஸ் ஏவுகணைகளுக்காகப் பிரித்தானியா கொடுக்கவேண்டிய தொகையில் 1 கோடியே 40 இலட்சம் டொலரை அமெரிக்கா சத்தமில்லாமல் தள்ளுபடி செய்தது.

ஆனால் ஓர் ஆள்புலத்தில் மக்கள் இருந்தால் அவர்களைப் பற்றி ஐ.நா.வுக்குப் பதில் சொல்லவேண்டும். ஆகவே அங்கிருப்பவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மட்டுமே, நிரந்தரக் குடிகள் இல்லை என்று அதிகாரிகள் கோப்புகளில் எழுதிக்கொண்டார்கள். துப்பாக்கி தூக்க முன்னமே ஒரு சனத்தை இல்லாமல் செய்யப் பேனை போதும்.

வெளியேற்றமும் ஒரே நாளில் நடந்ததல்ல. முதலில், மொரிசியஸுக்கு வைத்தியத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ போனவர்களிடம் திரும்பிப் போகக் கப்பல் இல்லை என்றார்கள். பின்னாளில் வழக்குகளை முன்னின்று நடத்திய ஒலிவியே பான்கூ, 1968 இல் காயம்பட்ட சகோதரியின் சிகிச்சைக்காகக் குடும்பத்தோடு போனபோது நான்கு வயதுச் சிறுவன். சகோதரி இறந்துபோனாள், ஊருக்குத் திரும்ப வழி இருக்கவில்லை. பிறகு தீவுகளுக்கு வரும் உணவுப் பொருட்கள் குறைந்தன. 1971 இல் டியேகோ கார்சியாவில் மக்களின் வளர்ப்பு நாய்களைக் கொப்பறா உலர்த்தும் கொட்டிலில் அடைத்து வாகனப் புகையால் கொன்றார்கள். 1973 இற்குள் எல்லாத் தீவுகளும் வெறுமையாகின. வெளியேற்றப்பட்டோர் 1,500 முதல் 2,000 பேர் வரை.

அதன்பின் தொடங்கிய வழக்குகள் இன்னும் ஓயவில்லை. 2000 இல் இலண்டன் நீதிமன்றத்தில் வென்றார்கள்; 2004 இல் நாடாளுமன்றத்துக்கே போகாமல், அரசியின் பெயரிலான ஆணையொன்றால் அந்த வெற்றி பறிக்கப்பட்டது. 2019 இல் சர்வதேச நீதிமன்றம், தீவுகளைப் பிரித்தது சட்டப்படி நடக்கவில்லை என்று ஆலோசனைக் கருத்து வழங்கியது.

நம்மவர்கள் அகப்பட்டதும் அதே கோப்பின் நிழலில்தான். 1951 இன் அகதிகள் சாசனம் அந்த ஆள்புலத்துக்குப் பொருந்தாது என்பதே பிரித்தானியாவின் நிலைப்பாடு. அவர்களது வழக்கை விசாரிக்க 2024 ஜூலையில் தீவுக்கு வரவிருந்த நீதிபதியையும் சட்டத்தரணிகளையும் அமெரிக்கா தடுத்தது. செப்டெம்பரில்தான் விசாரணை நடந்தது. டிசெம்பரில் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அதே மாதம், அவர்கள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள் என்று தீர்ப்பு வந்தது.

2025 மே 22 இல் தீவுகளின் இறைமையை மொரிசியஸுக்குக் கையளிக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அன்று அதிகாலை, டியேகோ கார்சியாவில் பிறந்த இரு பெண்களின் மனுவில் இடைக்காலத் தடை கிடைத்தது; சில மணிநேரத்தில் அதுவும் நீக்கப்பட்டது. ஒப்பந்தப்படி ஏனைய தீவுகளில் மீள்குடியேற்றம் செய்ய மொரிசியஸால் முடியும். டியேகோ கார்சியா மட்டும் இன்னும் 99 வருடங்களுக்குத் தளமாகவே இருக்கும்.