தோல்வியுறும் கழகமும் முகாமையாளர் மாற்றமும்

உலகிற் பெருந்தொகையான மக்களால் விரும்பப்படும் விளையாட்டு உதைபந்தாட்டம் என்பதை எவரும் மறுப்பாரல்லர். எமது கல்லூரியின் பழைய மாணவருள்ளும் மைதானத்திற் பந்துதைத்துப் பழகியோர் பலர். அவருட் சிலர் இன்று இங்கிலாந்திலே குடியிருந்து, அந்நாட்டுக் கழகங்களின் வெற்றி தோல்விகளைத் தம் வீட்டு நன்மை தீமைகளைப்போலக் கருதி வருகின்றனர். விடுமுறைக்கு ஊர் வந்த அத்தகைய அன்பர் சிலர் கல்லூரி முற்றத்திற் கூடியிருந்தபோது எழுந்த சொற்போரொன்றே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாயிற்று. "தொடர்ந்து தோற்கும் கழகம் தன் முகாமையாளரை நீக்குதல் தகுமா?" என்பது வினா. தகும் என்றனர் ஒருசாரார். தகாது என்றனர் மற்றொருசாரார். நடுவிருக்குமாறு எம்மைக் கேட்டனர். யாம் தமிழாசிரியர் என்று கூறி அன்று தப்பிக்கொண்டோம். எனினும் அவ்வினா எம்மை விட்டகலவில்லை. ஆதலின் ஈண்டு அதனை முறையாக ஆராய்வாம்.

இங்கிலாந்துக் கழகமொன்றில் முகாமையாளர் என்பவர் யாவர்? ஆடுவோரைத் தெரிபவர், ஆட்டமுறையை வகுப்பவர், பயிற்சியை மேற்பார்ப்பவர் அவரே. வீரரை வாங்குவதிலும் விற்பதிலும் அவர் சொல்லுக்கு இடமுண்டு; அவ்விடம் கழகத்துக்குக் கழகம் வேறுபடும். அவரை நியமிப்பதும் நீக்குவதும் பணிப்பாளர் சபையின் உரிமை. அந்நாட்டின் முதன்மைப் பிரிவில் 20 கழகங்கள் ஆடுகின்றன. பருவ முடிவிற் கடைசி மூன்று இடங்களைப் பெறுபவை கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும். அங்ஙனம் இறங்கும் கழகம் தொலைக்காட்சி உரிமையால் வரும் பெரும்பணத்தை இழக்கும். சிறந்த வீரரையும் இழக்கும். சிலவேளை மீண்டெழுவதற்குப் பல்லாண்டு செல்லும். ஆகவே ஐந்தாறு தோல்விகள் அடுத்தடுத்து வந்தவுடன் சபையினர் நடுங்குவது இயல்பே. இருபத்தைந்து வீரரை ஒரே நாளில் மாற்றவியலாது. ஒரு முகாமையாளரை மாற்றலாம். எளிதிற் செய்யத்தக்கது அஃதொன்றேயாதலின் அதனையே பெரும்பாலும் செய்கின்றனர். எளிதானது என்பதனால் ஒரு செயல் சரியானதாகிவிடுமா என்பதே நாம் தெளிய வேண்டுவது.

நீக்கலாகாது என்போர் முதலிற் காட்டும் சான்று மான்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்தின் வரலாறு. 1986ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அலெக்ஸ் பேர்குசன் அக்கழகத்தை ஏற்றபோது, 22 கழகங்களுள் அது 21ஆம் இடத்தில் நின்றது. அடுத்த பருவத்தில் இரண்டாமிடம் வரை உயர்ந்து, பின்னர் 11ஆம் இடத்துக்கும், 1990இல் 13ஆம் இடத்துக்கும் தாழ்ந்தது. 1989 செப்ரெம்பரில் அயற்கழகமாகிய மான்செஸ்ரர் சிற்றியிடம் ஒன்றுக்கு ஐந்தாகத் தோற்றது. அவரை வெளியேறச் சொல்லிப் பார்வையாளர் துணிப்பதாகை தூக்கினர். எனினும் சபையினர் அவரை நீக்கினாரல்லர். 1990 மே மாதத்திற் கழகம் எப். ஏ. கிண்ணத்தை வென்றது, 1993இல், 26 ஆண்டுகளின் பின்னர், முதன்மைப் பிரிவின் வெற்றியைப் பெற்றது. 2013இல் அவர் ஓய்வுபெறும்போது அக்கழகத்துக்கு 38 வெற்றிச் சின்னங்களை ஈட்டியிருந்தார்.

இவ்வரலாறு உண்மையே. ஆயினும் இதனைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் பிழையாகும். பொறுமையால் வென்றவரையே உலகம் நினைவில் வைத்திருக்கின்றது. பொறுத்தும் கெட்டவரை மறந்துவிடுகின்றது. 2016ஆம் ஆண்டு சண்டர்லாந்துக் கழகம் டேவிட் மோயெஸ் என்பாரை நியமித்துப் பருவம் முடியும்வரை மாற்றாது வைத்திருந்தது. கிடைத்தது கடைசியிடம். ஆகவே பேர்குசன் ஒருவரைக் காட்டி எல்லாரையும் காத்தல் நியாயமன்று.

இனி, நீக்க வேண்டும் என்போர் காட்டும் சான்றைக் காண்பாம். 2016இல் லெஸ்ரர் சிற்றி என்னும் கழகம் யாவரும் வியக்க முதன்மைப் பிரிவை வென்றது. அப்பருவத் தொடக்கத்திற் பந்தயக்காரர் அதன் வெற்றிக்கு ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாக விலை கூறியிருந்தனர். அவ்வெற்றியை ஈட்டிய கிளோடியோ றனியேரியை 2017 பெப்ருவரியில் அக்கழகமே நீக்கியது. அப்போது தொடர்ந்து ஐந்து லீக் ஆட்டங்களில் அது தோற்றிருந்தது. அவருக்குத் துணையாயிருந்த கிறெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றவுடன் தொடர்ந்து ஐந்து லீக் ஆட்டங்களில் வென்றது. முடிவில் 12ஆம் இடம் பெற்றது. "பார்த்தீரா, மாற்றியவுடன் வந்த பலனை!" என்பர் இக்கட்சியார்.

பலன் வந்தது மெய். மாற்றத்தால் வந்ததா என்பதே கேள்வி. தோற்ற ஐந்து ஆட்டங்களுள் அவ்வாண்டு முதலிடம் பெற்ற செல்சியும், மான்செஸ்ரர் யுனைற்றெட்டும் எதிரிகளாயிருந்தன. வென்ற ஐந்தனுள் ஹல், சண்டர்லாந்து ஆகியன இருந்தன. அவ்விரண்டும் அவ்வாண்டே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியவை. எதிரி மாறியதையும் முகாமையாளர் மாறியதையும் பிரித்தறியாது தீர்ப்புரைத்தல் எங்ஙனம் பொருந்தும்? மேலும், அதே ஷேக்ஸ்பியர் அவ்வாண்டு ஒக்ரோபரிலேயே நீக்கப்பட்டார் என்பதையும் உடன்வைத்து எண்ணுக.

இவ்விடத்தில் எமது தொழிலிலிருந்து ஒன்றைக் கூறுவோம்; அது எமது குறையைக் கூறுவதுமாகும். ஆசிரிய கலாசாலையிற் பயின்று வெளியேறி வகுப்பேற்ற தொடக்க ஆண்டுகளில், முதற்றவணைப் பரீட்சையில் மிகக் குறைந்த புள்ளி பெற்ற மாணவரைக் கடுமையாகக் கண்டித்தோம். மிகக் கூடிய புள்ளி பெற்றோரைப் பாராட்டினோம். இரண்டாந்தவணையில், கண்டிக்கப்பட்டோருட் பலர் உயர்ந்தனர். பாராட்டப்பட்டோருட் சிலர் தாழ்ந்தனர். கண்டிப்பே கல்விக்கு மருந்து, பாராட்டு நஞ்சு என்று முடிவுகட்டினோம். அம்முடிவுடன் பல ஆண்டு கற்பித்தோம். பின்னர் ஒருமுறை நோயுற்றிருந்தமையால் முதற்றவணைக்குப்பின் எவரையும் கண்டிக்கவோ பாராட்டவோ இயலாது போயிற்று. எமக்கு வியப்பூட்டும் வகையில் அம்முறையும் அவ்வாறே தாழ்ந்தோருட் பலர் உயர்ந்தனர். உயர்ந்தோருட் சிலர் தாழ்ந்தனர்.

காரணம் யாது? ஒருவர் பெறும் புள்ளியில் அவர்தம் தகுதியோடு தற்செயலும் கலந்திருக்கும். படித்த பகுதி வினாவாக வரலாம், வராதும் போகலாம். அன்று காய்ச்சல் இருக்கலாம். மிகத் தாழ்ந்த புள்ளி பெற்றவரிடத்திற் பெரும்பாலும் தீயூழும் சேர்ந்திருக்கும். அடுத்தமுறை அது சேராதபோது அவர் தம் இயல்பான நிலைக்குத் திரும்புகின்றார். இதனைச் சராசரிக்கு மீளல் எனலாம். பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்புநோக்கிய பிரான்சிஸ் கால்ற்றன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1886இல் இதனை விளக்கி எழுதினார். மிக நெடியோரின் மக்கள் சராசரியை விட நெடியோராயினும் பெற்றோரளவு நெடியோராவதில்லை என்று அவர் கண்டார்.

உதைபந்தாட்டத்தில் இம்மீளல் மிகுதியும் தொழிற்படும். ஏனெனில் ஓர் ஆட்டத்தில் விழும் கோல்கள் இருபக்கமும் சேர்த்து ஏறத்தாழ மூன்றே. கம்பத்திற் பட்ட பந்தொன்று உட்செல்வதும் வெளிச்செல்வதும் ஆட்ட முடிவையே மாற்றிவிடும். கழகங்கள் முகாமையாளரை நீக்குவது எப்போது? தொடர்ந்து தோற்று அடியில் நிற்கும்போது. அதன்பின் சிறிது ஏறுவது, நீக்கினாலும் நீக்காவிடினும், எதிர்பார்க்கத்தக்கதே.

இது வெறும் ஊகமன்று. ஒல்லாந்து நாட்டுப் பொருளியலறிஞராகிய பாஸ் டெர் வேல் என்பார் 1986 முதல் 2004 வரையான அந்நாட்டு முதற்பிரிவு ஆட்டங்களை ஆராய்ந்து 2011இல் முடிவு வெளியிட்டார். முகாமையாளரை நீக்கிய கழகங்களை மட்டும் அவர் பார்க்கவில்லை. அதேயளவு தாழ்ந்தும் நீக்காதிருந்த கழகங்களையும் உடன்வைத்து நோக்கினார். இருசாராரும் மீண்டனர். நீக்கியதனால் மிகுதிப்பயன் விளைந்ததாக அவர் காணவில்லை. மருந்து உண்டவனும் உண்ணாதவனும் ஒருங்கே குணமடைந்தால் மருந்தைப் புகழ்வது எவ்வாறு?

பேண்லிக் கழகத்தின் கதை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அக்கழகத்தை 2012 முதல் நடத்திய ஷோன் டைச் 2015இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்க நேர்ந்தபோது நீக்கப்பட்டாரல்லர். அடுத்த ஆண்டே கழகத்தை மேலேற்றினார். 2018இல் ஏழாமிடத்துக்கு உயர்த்தினார். 2022 ஏப்ரிலில், எட்டு ஆட்டங்கள் எஞ்சியிருக்கையில், கழகம் அவரை நீக்கியது. அதன்பின் முதல் நான்கு ஆட்டங்களிற் பத்துப் புள்ளிகள் கிடைத்தன. சபையினர் மகிழ்ந்திருப்பர். எஞ்சிய நான்கில் ஒரேயொரு புள்ளி கிடைத்தது. கழகம் 18ஆம் இடம் பெற்றுக் கீழிறங்கியது. 2019, 2020ஆம் ஆண்டுப் பருவத்தில் வற்போட் என்னும் கழகம் மூன்று முகாமையாளரை ஒருவர்பின் ஒருவராக நீக்கியது; மூன்றாமவரை நீக்கியபோது எஞ்சியிருந்தவை இரண்டே ஆட்டங்கள். அக்கழகமும் இறங்கியது.

அங்ஙனமாயின் எக்காலத்தும் நீக்கலாகாதோ எனின், அன்று. 2017இல் கிறிஸ்ரல் பலஸ் கழகம் பிராங்க் டி பூவர் என்பாரை நான்கே லீக் ஆட்டங்களின் பின் நீக்கியது. நான்கிலும் தோல்வி, ஒரு கோலும் இல்லை. பின்வந்த றோய் ஹொட்ஜ்சனும் முதல் மூன்று ஆட்டங்களில் ஒரு கோலுமின்றித் தோற்றார். எனினும் அவரைப் பொறுத்தனர். அவர் கழகத்தை 11ஆம் இடத்துக்கு உயர்த்தினார். 2021 ஜனவரியில் முகாமையாளரை மாற்றிய செல்சிக் கழகம் அவ்வாண்டு மே மாதத்திலேயே ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. ஆகவே மாற்றம் சிலவிடத்து நன்மை பயக்கும். எவ்விடத்து என்பதை அறிதற்கு மூன்று வினாக்கள் உதவும்.

முதலாவது, கெட்டது முடிவா, ஆட்டமா? இக்காலத்து ஆய்வாளர் ஒவ்வோர் உதையும் கோலாகும் வாய்ப்பை, அது எங்கிருந்து, எந்நிலையில் உதைக்கப்பட்டது என்பதைக்கொண்டு கணிக்கின்றனர். தண்டனை உதை நான்கில் மூன்றுமுறைக்குச் சற்று மேலாகவே கோலாகின்றது. தொலைவிலிருந்து உதைப்பது அரிதாகவே கோலாகின்றது. இவ்வாறு கூட்டிப் பார்க்குமிடத்து, நல்ல வாய்ப்புகளைத் தொடர்ந்து உண்டாக்கியும் தோற்கும் கழகத்துக்கு வேண்டுவது பொறுமை. வாய்ப்பே உண்டாக்காது தோற்கும் கழகத்துக்கு வேண்டுவது மாற்றம்.

இரண்டாவது, குறைக்குக் காரணம் முகாமையாளர் கையில் உள்ளதா? வீரரின் சம்பளத்துக்கு மிகுதியாகச் செலவிடும் கழகங்களே நீண்டகாலத்தில் மேலிடங்களைப் பெறுகின்றன என்பது பல ஆண்டுக் கணக்குகளால் தெளிவாகியுள்ளது. குறைந்த பணத்துடன் 15ஆம் இடத்தில் நிற்பவர் தம் கடமையிற் சிறந்தவராதலுங் கூடும். ஆனால் வீரர் அவர் சொல்லைக் கேளாராயின், அல்லது அவர் வகுத்த முறை உள்ள வீரருக்குப் பொருந்தாதாயின், அக்குறை அவரதே.

மூன்றாவது, அவருக்குப்பின் வருபவர் யார்? இவ்வினாவுக்கு விடையின்றி நீக்குதல், மழைக்காலத்திற் புதுக்கூரைக்கு ஓலை தேடாமற் பழங்கூரையைப் பிரித்தல் போலும்.

இவ்விடத்திற் பிறையன் கிளவ் என்பாரை நினைவுகூர வேண்டும். 1974இல் லீட்ஸ் யுனைற்றெட் கழகம் அவரை 44 நாள்களில் நீக்கியது. அவர் 1975இல் இரண்டாம் பிரிவிலிருந்த நொற்றிங்காம் பொறெஸ்ற் கழகத்தை ஏற்று, 1978இல் முதற்பிரிவில் வெற்றிபெறச் செய்து, 1979, 1980ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்றார். தகுதியற்றவர் என நீக்கப்பட்டவர் தகுதியற்றவரல்லர் என்பது இதனாற் பெறப்படும். பிழை அவரிடத்தன்று, அவருக்கும் அக்கழகத்துக்கும் இடையே நேர்ந்த பொருத்தத்தில். அப்பொருத்தத்தை ஆராயாது நியமித்தவர் சபையினரே.

திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தை முன்னும், தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தைப் பின்னும் வைத்த முறையை யாம் மாணவருக்குப் பலமுறை விளக்கியுள்ளோம். ஒருவரை ஏற்குமுன் ஆராய்தல் முதற்கடன். ஏற்றபின் அவர்தம் செயலை ஆராய்ந்து ஆளுதல் இரண்டாங்கடன். முதற்கடனைச் செய்யாதவர் இரண்டாவதைக் கோபத்தாற் செய்கின்றனர்.

ஆகவே எம்மை நடுவிருக்கக் கேட்ட அன்பர்களுக்கு யாம் கூறும் தீர்ப்பு இதுவாம். தோல்வியின் எண்ணிக்கையை மட்டும் நோக்கி ஒருவரை நீக்கற்க, ஆட்டத்தை நோக்குக. காரணம் அவரிடத்ததாயின், அவரினும் தக்கார் கிடைப்பாராயின், தயங்காது மாற்றுக. மாற்றியபின் வந்தவரைப் பொறுக்க. இவ்விரண்டும் இல்லையாயின் பதாகை தூக்குவோரின் ஆரவாரத்துக்கு அஞ்சி ஒருவரைப் பலியிடற்க.

அன்று யாம் கண்டித்த மாணவருட் சிலர் இன்று இம்மலரை வாசிக்கும் பழைய மாணவராயிருப்பர். அவர்கள் உயர்ந்தது எமது கண்டிப்பினாலன்று. அவர்தம் இயல்பான தகுதியினாலேயே. அதனை அன்றே அறிந்திருப்பின் அவர்களிடம் வேறுவிதமாகப் பேசியிருப்போம். அலுவலகத்திலும் கடையிலும் கல்லூரியிலும் பிறரை நியமிக்கவும் நீக்கவும் உரிமையுடையவராய் விளங்கும் அவர்கள், தம்கீழ் உள்ளார்க்குத் தீர்ப்புரைக்குமுன் இரண்டாந்தவணை வரை ஒருமுறை பொறுத்துப் பார்ப்பாராயின், எமது அக்காலப் பிழைக்கு அதுவே தக்க ஈடாகும்.