மாந்தையும் மன்னாரும்: ஒரு துறைநகரின் வரலாறு

திருக்கேதீச்சரப் பெருமானை வணங்கிப் பாலாவிக் கரையினின்றும் சிறிது தூரம் நடந்தால், முட்புதர் மூடிய மண்மேடு ஒன்றைக் காணலாம். நம் மாணவர் சிலரை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்று, “சம்பந்தரும் சுந்தரரும் பாடிய மாதோட்ட நன்னகர் இதுவே” என்று கூறினோம். சுற்றுமுற்றும் பார்த்த சிறுவன் ஒருவன், “ஐயா, நகரம் எங்கே?” என்று வினவினான். ஏனையோர் நகைத்தனர். நாமும் நகைத்தோம். ஆயினும், வீடு திரும்பிய பின்னரும் அவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. அதற்கு விடை கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரங்கள் எதனால் வளர்கின்றன? மழை குறைந்த, வெயில் மிகுந்த கடற்கரையில் மாநகர் தோன்றுதல் அரிது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பிழையென்பதற்கு அமெரிக்காவிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் நகரமே சான்று. அங்கே ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 15 அங்குலமே. நம் மன்னாரிற் பெய்வதிற் பாதிக்கும் குறைவு. 1781ஆம் ஆண்டிலே 44 பேர் குடியேறிய சிற்றூராக அது தொடங்கிற்று. 1850இல் அதன் மக்கள் ஏறக்குறைய 1,600 பேர். 1900இல் ஓர் இலட்சம் பேர். 1930இல் 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இன்று அந்நகர எல்லைக்குள் மட்டும் 38 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர்.

இவ்வளர்ச்சிக்குக் காரணம் வெயில் மட்டுமன்று. 1876இல் புகையிரதப் பாதை அந்நகரை வடக்கேயுள்ள சான் பிரான்சிஸ்கோவுடன் இணைத்தது. 1892இல் நகரினுள்ளேயே எண்ணெய் கிடைத்தது. ஏறக்குறைய 20 மைலுக்கு அப்பாலிருந்த சான் பெட்ரோ கடற்கரையில் அலைதடுப்பு அணை கட்டித் துறைமுகம் அமைத்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, 1913ஆம் ஆண்டிலே 233 மைல் நீளமான கால்வாய் அமைத்து, ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரை நகருக்குக் கொணர்ந்தனர். பாதை, துறை, நீர் ஆகிய மூன்றும் ஓரிடத்திற் கூடியபோது பாலை நிலமும் மாநகராயிற்று. அக்கால்வாய்க்கு வேறொரு பக்கமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இம்மூன்றும் ஒருகாலத்தில் நம் மாதோட்டத்திலும் கூடியிருந்தன. இந்தியாவையும் இலங்கையையும் பிரிக்கும் கடலின் குறுக்கே ஏறக்குறைய 30 மைல் நீளத்துக்கு மணற்றிட்டுகள் கிடக்கின்றன. அவற்றைத் திருவணை என்றும் சேது என்றும் நாம் வழங்குவோம். பெருங்கப்பல்கள் அத்திட்டுகளைக் கடக்க இயலா. மேற்கிலிருந்து வந்த சரக்கும் கிழக்கிலிருந்து வந்த சரக்கும் கைமாறுவதற்கு ஏற்ற இடம் அவற்றின் அருகிலிருந்த மாந்தைத் துறையே. அத்துறையின் பின்னே, அருவியாற்றின் வழியே மேற்சென்றால் அனுராதபுரம். தலைநகரின் செல்வம் கடலைக் காணும் வாயில் மாந்தை. கடலின் செல்வம் தலைநகரைக் காணும் வாயிலும் அதுவே. உண்பதற்கு நெல்லும் உண்டு. தாதுசேன மன்னன் 5ஆம் நூற்றாண்டிற் கட்டுவித்ததாகக் கூறப்படும் கட்டுக்கரைக்குளம் அண்மையிலேயே உள்ளது.

பாளி நூலாகிய மகாவம்சம் இத்துறையை மகாதித்த என்று குறிக்கின்றது. விசயனை மணக்க வந்த பாண்டிய இளவரசி இறங்கிய துறை இதுவேயென்றும் அந்நூல் கூறும். 6ஆம் நூற்றாண்டிற் கொஸ்மஸ் என்னும் கிரேக்க மொழி எழுத்தாளர், பாரசீகம், எத்தியோப்பியா, இந்தியா ஆகிய நாடுகளின் கப்பல்கள் வந்து கூடும் இலங்கைத் துறையொன்றை வருணித்துள்ளார். அது மாந்தையே எனக் கருதும் அறிஞர் உளர்.

ஏடுகள் கூறுவதை மண்ணும் கூறுகின்றது. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் என்னும் அறிஞரின் தலைமையில் மாந்தை மேடு அகழப்பட்டது. சீன நாட்டு மட்கலங்களும், பாரசீகக் குடாப் பக்கத்துப் பச்சை நீல மெருகிட்ட கலங்களும், கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன. நகரைச் சுற்றிக் குதிரை இலாட வடிவில் இரட்டை அகழி இருந்ததும் புலனாயிற்று. 1984இற் போர்ச்சூழலால் அகழ்வு நின்றது. மீண்டும் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற அகழ்வில் மிளகும் கிராம்பும் கரிந்த நிலையிற் கிடைத்தன. கிராம்பு அக்காலத்தில் விளைந்தது கிழக்கே நெடுந்தொலைவிலுள்ள மொலுக்காத் தீவுகளிலேயாம். ஒரு கிராம்பு மொட்டு ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து ஒரு வீட்டின் சமையலறையை அடைந்ததெனின், அந்நகரின் வாழ்வு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

சோழர் காலத்தில் இந்நகர் இராசராசபுரம் என்னும் பெயரும் பெற்றது. தாழி குமரன் என்பான் இங்கே இராசராசேச்சரம் என்னும் கோயிலை எடுப்பித்து, அதற்கு நிவந்தங்கள் அளித்த செய்தியை மாதோட்டக் கல்வெட்டு உரைக்கின்றது. இராசராசப் பெருந்தெரு என ஒரு தெரு இங்கிருந்தமையும் அதனால் அறியப்படும். அந்தத் தெருவின் மீதே நம் மாணவர் நின்றிருத்தலும் கூடும்!

இத்துணைச் சிறப்புற்ற நகர் எவ்வாறு மண்மேடாயிற்று? பகைவர் ஒருநாள் வந்து அழித்துச் சென்றனர் என்று கூறுதல் எளிது. ஆனால் அஃது உண்மையின் ஒரு சிறு பகுதியே. 993ஆம் ஆண்டளவில் அனுராதபுரம் சோழர் வசமாயிற்று. பின்னர் ஆட்சிப்பீடம் கிழக்கே பொலநறுவைக்கு மாறியது. உள்நாட்டுத் தலைநகர் பெயர்ந்தபோது துறையின் முதுகெலும்பு முறிந்தது. கடல் வணிகம் வேறு துறைகளை நாடிற்று. கால்வாய்களை மணல் தூர்த்தது. 11ஆம் நூற்றாண்டுக்குப் பின்னர் மாந்தை படைகள் வந்திறங்கும் துறையாக எஞ்சியதேயன்றிப் பெருநகராக வாழவில்லை.

இனி, கடலின் அக்கரையிலுள்ள மன்னார்த் தீவை நோக்குவோம். ஏறக்குறைய 16 மைல் நீளமான இம்மணற்றீவை 1560இற் போர்த்துக்கேயர் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்னர், 1544இல், கிறித்தவ சமயம் தழுவிய மன்னார் மக்கள் பலர் யாழ்ப்பாண மன்னன் ஆணையாற் கொல்லப்பட்டனர். அத்துயரை இத்தீவு இன்றும் நினைவுகூர்கின்றது. போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட திருக்கேதீச்சரத்தின் கற்கள் மன்னார்க் கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழி வரும் செய்தி. 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் கோட்டையைக் கைக்கொண்டனர். கொடிகள் மாறின, நோக்கம் மாறவில்லை. முத்தும் சாயவேரும் கடல்வழிக் காவலுமே அனைவரும் இங்கே நாடியவை.

முத்துச் சலாபம் நடந்த காலங்களிற் சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் வெறும் மணலின் மேல் ஒரு நகரமே முளைத்துவிடும். சங்கு குளிப்போர், சம்மாட்டிகள், செட்டிமார், அராபியர், கடைக்காரர், காவலர் எனப் பல்லாயிரவர் ஓலைக் கொட்டில்களிற் கூடுவர். தேசாதிபதி நோர்த் என்பார் அதனை மேற்பார்வையிடுவதற்கென்றே அரிப்பில் 1801 முதல் 1804 வரை ஒரு மாளிகை கட்டுவித்தார். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அரசு பெற்ற வருவாய் ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா. மறு ஆண்டிலேயே சலாபம் தனியார் கம்பெனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகையாக விடப்பட்டது. 1907க்குப் பின்னர்ச் சிப்பி விளையவில்லை, கம்பெனியும் கலைந்தது. மரிச்சுக்கட்டியில் ஒரு கல்வீடேனும் அச்செல்வத்தால் எழுந்ததாக நாம் அறியோம். அரிப்பு மாளிகையின் எஞ்சிய சுவர்களையும் இன்று கடல் அரித்துக்கொண்டிருக்கின்றது.

மலையகத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரின் கதையும் இவ்வழியேதான் சென்றது. 19ஆம் நூற்றாண்டிலே தோணிகளில் வந்திறங்கிய அவர்கள் மன்னாரிலிருந்து காட்டுவழியாக மாத்தளை நோக்கி நடந்தனர். கொள்ளை நோயாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் எண்ணற்றோர். பின்னர் 1914இற் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் திறக்கப்பட்டன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. சென்னையில் ஏறியவர் கொழும்பில் இறங்க ஒரே பயணச்சீட்டுப் போதுமானதாயிற்று. தலைமன்னார் இறங்குதுறையிற் கடைகளும் சுங்கமும் சுமைகூலிகளும் நிறைந்தனர்.

1964 டிசம்பர் 22ஆம் நாளிரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து மீண்டும் தொடங்கிய கப்பற் சேவையும் 1980களின் நடுவிற் போரால் நின்றது. 1990இற் புகையிரதம் நின்றது. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில், எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களில் நூற்றாண்டுகளாக நம்மோடு வாழ்ந்த முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய முன்னோருள் அராபிய வணிகர் கொணர்ந்ததாகக் கூறப்படும் பெருக்கமரம் பள்ளிமுனையில் நின்றது. அதனைக் காட்டி வளர்ந்த பிள்ளைகள் புத்தளத்து முகாம்களில் வளர்ந்தனர். போரிலே தமிழர் பட்ட துயரை எழுதும் நாம் இதனை எழுதாது விடுதல் அறமன்று. மக்கள் வெளியேறும் நாள் நகரம் சுருங்கும் நாளேயாம்.

2010இற் புதிய பாலமும் 2015இல் தலைமன்னார்ப் புகையிரதமும் மீண்டன. இறங்குதுறை மட்டும் அக்கரைக் கப்பலுக்குக் காத்து நிற்கின்றது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஒருண்மை புலப்படும். மாந்தையில் நீரும் நெல்லும் துறையும் பாதையும் ஒன்று கூடின, வந்தவர் தங்கினர், நகரம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு வாழ்ந்தது. அதற்குப் பின்வந்த காலங்களில் மன்னார் பிறர் கடந்து செல்லும் வாயிலாகவும், பிறர் அள்ளிச் செல்லும் களஞ்சியமாகவும் மட்டுமே கருதப்பட்டது. வருவோர் வரவு நின்றவுடன் ஊரும் ஒடுங்கிற்று.

இப்பொழுது வேறொரு செல்வம் பேசப்படுகின்றது. தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு முதல் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றின் ஆற்றல் 100 மெகாவாற்றுக்குச் சற்று மேற்பட்டது. மேலும் பல நாட்டுவதற்கும், கரைமணலிலுள்ள இல்மனைற்று என்னும் கனிமத்தை அகழ்வதற்கும் திட்டங்கள் எழுந்தன. 2025இல் மன்னார் மக்கள் பல வாரங்களாக வீதியோரத்தில் அமர்ந்து அவற்றை எதிர்த்தனர். காற்றிலிருந்து மின் எடுத்தல் நன்றே; நாட்டுக்கும் அது வேண்டியதே. ஆயின், இத்தீவின் நன்னீர் எங்கே இருக்கின்றது என்பதை அனைவரும் அறிதல் வேண்டும். மழைநீர் மணலுள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கின்றது. நம் கிணறுகள் அதனையே தருகின்றன. மணல் குறைந்தால் அப்படலம் குறையும், கிணறு உவர்க்கும். உவர்த்த கிணற்றைத் திருத்தப் பல தலைமுறை வேண்டும்.

இங்கேதான் லொஸ் ஏஞ்சல்ஸ் கால்வாயின் மறுபக்கம் நமக்குப் பாடமாகின்றது. அந்நகர் செழித்தது, நீரைக் கொடுத்த ஓவன்ஸ் பள்ளத்தாக்கோ வாடிற்று. கால்வாய் திறந்த சில ஆண்டுகளில் அங்கிருந்த பெரிய ஏரி வற்றி, உப்புப் புழுதி பறக்கும் வெளியாயிற்று. நம் ஊரும் அத்தகைய நகராதல் வேண்டும் என்று அவாவும் இளைஞர், ஒரு வினாவை மறத்தலாகாது: இத்திட்டத்தில் நாம் நகரமா, பள்ளத்தாக்கா?

இவ்வினாவுக்கு ஆராய்ந்து விடை காண்போர் நம் கல்லூரியின் பழைய மாணவரேயாதல் வேண்டும். அவருள் பொறியியலாளர் உளர். நிலவளம் கற்றோர் உளர். அரச பணியினர் உளர். கடல் கடந்து வாழ்வோரும் உளர். ஊரவர் கூட்டத்திலே திட்ட அறிக்கையொன்றைப் படித்து, அதனை எளிய தமிழில் எடுத்துரைக்க ஒருவர் இருப்பாராயின், அது விழாப் பந்தலுக்கு நிதி தருவதினும் பெரிய உதவியாகும். மாந்தை மேட்டின் ஓட்டுத்துண்டுகளைச் சட்டைப்பையிற் போட்டுச் செல்லாது, கிடந்தவிடத்திலேயே விட்டுவருமாறு பிள்ளைகளுக்குக் கற்பித்தலும் அத்தகையதே.

“ஐயா, நகரம் எங்கே?” என்ற சிறுவனுக்கு அன்று நாம் விடை கூறவில்லை. இன்று கூறுகின்றோம்: தம்பி, அது உன் காலின் கீழே மண்ணுள் இருக்கின்றது. தங்கி வாழ இடமும் குடிக்க நீரும் செய்யத் தொழிலும் உள்ளவரை அது மண்ணின் மேல் இருந்தது. அம்மூன்றையும் நீ காத்தால் அது மீண்டும் மேலெழும். கேதீச்சரத்து இறைவன் அதற்குத் துணைநிற்பானாக.