நீல மூடிக் குழாயை ஏன் முழுதாக நிரப்ப வேண்டும்?

மாணவர்களே, உங்கள் தாத்தாவோ பாட்டியோ செயற்கை இருதய வால்வு பொருத்தப்பட்டவராக இருந்தால், அவருடைய இரத்தத்தை நீல மூடி போட்ட சிறு குழாயில் எடுப்பதைப் பார்த்திருக்கலாம். இரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று அளக்கவே அந்தக் குழாய். வேடிக்கை என்னவென்றால், அதற்குள் இரத்தம் உறையவே உறையாது!

அதில் முன்கூட்டியே ஊற்றி வைத்திருக்கும் சோடியம் சிட்ரேட் கரைசல்தான் காரணம். புரோத்ரோம்பின், த்ரோம்பினாக மாறுவதற்குக் கால்சியம் அயனிகள் தேவை என்று படிவம் 4 உயிரியலில் படித்திருப்பீர்கள். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உறைதல் அத்துடன் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேருமுன்பே இரத்தம் கட்டியாகிவிடும். பிறகு எதை அளப்பது?

ஆய்வகத்தில் குழாயை வேகமாகச் சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நிறப் பிளாஸ்மாவை எடுக்கிறார்கள். 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதனுடன் த்ரோம்போபிளாஸ்டினையும் கால்சியத்தையும் சேர்க்கிறார்கள். அந்தக் கணமே கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆரோக்கியமானவருக்குச் சுமார் 11 முதல் 13 விநாடிகளில் ஃபைப்ரின் இழைகள் உருவாகிவிடும். 1935-இல் இச்சோதனையை வெளியிட்ட அமெரிக்கர் ஆர்மண்ட் குவிக், முயல் மூளையிலிருந்து எடுத்த த்ரோம்போபிளாஸ்டினைப் பயன்படுத்தினார். அன்று கண்ணால் பார்த்துச் சொன்னார்கள். இன்று இயந்திரம் சொல்கிறது.

ஆனால், இயந்திரம் எவ்வளவு நவீனமானாலும் குழாயில் நடந்த தவறு அதற்குத் தெரியாது. ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. 0.3 மில்லிலிட்டர் சிட்ரேட் உள்ள குழாய்க்கு 2.7 மில்லிலிட்டர் இரத்தம் வேண்டும். நரம்பு கிடைக்கவில்லை என்று 1.5 மில்லிலிட்டரோடு நிறுத்தினால் என்ன ஆகும்? மிச்சமிருக்கும் சிட்ரேட், ஆய்வகத்தில் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். உறையும் நேரம் பொய்யாக நீளும். வார்ஃபரின் சாப்பிடும் நோயாளிக்கு மருந்து கூடிவிட்டது என்று நினைத்து மருத்துவர் அளவைக் குறைத்தால், வால்வில் இரத்தக் கட்டி உருவாகி, பக்கவாதம் வரைக்கும் போகலாம். அதனால்தான் குறைவாக நிரம்பிய குழாயை ஆய்வகம் ஏற்பதில்லை. மறுபடியும் ஊசி போடுகிறார்களே என்று கோபப்படுபவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அந்த ஆய்வகத்தை நம்பலாம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. த்ரோம்போபிளாஸ்டின் எல்லாம் ஒரே வீரியம் கொண்டதல்ல. சாதாரண இரத்தம் இரண்டு ஆய்வகங்களிலும் 12 விநாடியில் உறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே நோயாளியின் இரத்தம் ஓர் ஆய்வகத்தில் 30 விநாடியும் மற்றதில் 19 விநாடியும் காட்டலாம். எதை நம்புவது? 1983-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். என்ற முறையைக் கொண்டுவந்தது. நோயாளியின் விநாடியைச் சாதாரண விநாடியால் வகுத்து, அந்த வினைப்பொருளுக்குரிய ஐ.எஸ்.ஐ. எண்ணை அடுக்காகப் போட வேண்டும். முதல் ஆய்வகத்தின் ஐ.எஸ்.ஐ. 1, மற்றதன் ஐ.எஸ்.ஐ. 2 என்றால், கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் விடை ஏறத்தாழ 2.5!

வார்ஃபரின் சாப்பிடும் பலருக்கு இந்த எண் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். வார்ஃபரின், வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்தே உறைதலைத் தாமதப்படுத்துகிறது. கங்கோங், சாவி போன்ற கீரைகளில் அந்த வைட்டமின் நிறைய உண்டு. பாட்டி கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் கட்டுக்கட்டாகவும் மறுவாரம் ஒன்றுமில்லாமலும் சாப்பிட்டால்தான் எண் ஏறி இறங்கும்.