பைக்குக்குப் பின்னால் டிரெய்லரா? ஒயரை வெட்டும் முன் இதைப் படியுங்கள்!

காய்கறி மூட்டை, பால் கேன், இளநீர்க் குலை என்று பைக்குக்குப் பின்னால் சின்ன டிரெய்லரைக் கோத்துக்கொண்டு போகிறவர்களை ஊர்ச் சாலைகளில் பார்க்கிறோம். பகலில் பிரச்னை இல்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. டிரெய்லரும் அதிலுள்ள சரக்கும் பைக்கின் பின்விளக்கை அப்படியே மறைத்துவிடுகின்றன. பின்னால் வரும் லாரிக்காரருக்கு பிரேக் பிடித்ததும் தெரியாது, இண்டிகேட்டர் போட்டதும் தெரியாது.

ஆகவே டிரெய்லருக்குத் தனி விளக்கு கட்டாயம் வேண்டும். ஆனால், பைக் ஒயரை வெட்டி நாலு முறுக்கு முறுக்கி, டேப் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால், அங்கேதான் சிக்கல்.

‘ரெண்டு பல்புதானே!’

பைக்கின் பிரேக் லைட் பல்பு வழக்கமாக 21 வாட். 12 வோல்ட் பேட்டரியில் அது இழுக்கும் மின்சாரம் 1.75 ஆம்பியர். டிரெய்லரில் இடமும் வலமுமாக அதே அளவில் இரண்டு பல்பு போட்டால், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் மொத்தம் 63 வாட், அதாவது 5.25 ஆம்பியர். ஒரு பல்புக்காகப் போட்ட மெல்லிய ஒயரும் பிரேக் சுவிட்சும் மூன்று மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். ஒயர் சூடாகும், சுவிட்ச் முனைகள் கருகும். விளக்குக்கும் இன்ஜினுக்கும் ஒரே ஃப்யூஸ் உள்ள பைக்கில் அது போனால், ஓடும்போதே ஹெட்லைட்டும் அணையும், வண்டியும் நிற்கும்.

இண்டிகேட்டரிலும் இதே கதைதான். பழைய மாடல் ஃப்ளாஷர், குறிப்பிட்ட வாட் கணக்குக்காகச் செய்யப்பட்டது. கூடுதல் பல்பு சேர்ந்தால் விட்டு விட்டு எரியும் வேகம் மாறும். சில சமயம் எரிந்தபடியே நின்றுவிடும்.

இதற்கு எளிய வழி, டிரெய்லரில் எல்.இ.டி விளக்குகளைப் பொருத்துவது. சில வாட்டிலேயே நல்ல வெளிச்சம் கிடைக்கும். சில பழைய மொபெட்களில் விளக்குகள் பேட்டரியில் அல்ல, மேக்னெட்டோவிலிருந்து நேரடியாக எரிகின்றன. அவற்றில் எந்த விளக்கைக் கூடுதலாகச் சேர்ப்பதாக இருந்தாலும் முதலில் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

தகவல் அங்கே... மின்சாரம் இங்கே!

குண்டு பல்புதான் போடுவேன் என்பவர்களுக்கும், ஏ.பி.எஸ், டிஜிட்டல் மீட்டர் கொண்ட புது பைக் வைத்திருப்பவர்களுக்கும் ரிலேதான் பாதுகாப்பு. பைக்கின் பிரேக் ஒயரிலிருந்து ‘பிரேக் பிடித்தாயிற்று’ என்ற தகவலை மட்டும் ரிலே எடுத்துக்கொள்ளும். விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தனி ஒயரில் போகும். அந்த ஒயரில், பேட்டரிக்கு மிக அருகிலேயே தனி ஃப்யூஸ் இருக்க வேண்டும். டிரெய்லரில் ஷார்ட் ஆனாலும் அந்த ஃப்யூஸ் மட்டும் போகும். பைக்குக்கு ஒன்றும் ஆகாது.

ஆன்லைனில் அமெரிக்க டிரெய்லர் கிட் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பரவலாக உள்ள நான்கு ஒயர் முறையில், பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே பல்புதான். நம் பைக்கில் இரண்டும் தனித்தனி. நடுவில் கன்வெர்ட்டர் இல்லாமல் இணைத்தால் விளக்குகள் தாறுமாறாக எரியும்.

ஒட்டு போடுவது எப்படி?

* முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். நிறத்தை நம்பி ஒயரை வெட்டக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். எந்த ஒயர் எதற்கு என்பதை முன்னதாகவே மல்டிமீட்டரில் சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.
* சீட்டுக்கு அடியில், பின்விளக்குக்குப் போகும் கப்ளர் இருந்தால் ஒயரை வெட்டவே வேண்டாம். அதே அளவு கப்ளர் வாங்கி நடுவில் ஒரு கிளை ஒயர் செய்துகொள்ளலாம். வேண்டாதபோது உருவிவிடலாம்.
* வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பல்லால் கடித்து உரிக்காதீர்கள். உள்ளே இருக்கும் செம்பு இழைகள் அறுந்துபோகும். ஸ்ட்ரிப்பர் பயன்படுத்துங்கள்.
* ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை முதலிலேயே ஒயரில் கோத்துவிட்டு, பிறகு இணைத்து கிரிம்ப் அல்லது சால்டர் செய்யுங்கள். சால்டர் செய்த இடம் விறைப்பாகிவிடும். அதிர்வில் முறியாதபடி ஃபிரேமோடு சேர்த்துக் கட்டுங்கள்.
* வெறும் இன்சுலேஷன் டேப் நம் வெயிலுக்கு இளகிப் பிரிந்துவிடும். மழைத் தண்ணீர் இறங்கினால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறி இணைப்பு கெட்டுப்போகும்.
* இரண்டு மூன்று ஒயர்களுக்கு ஒட்டு போடும்போது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாமல், முன்னும் பின்னுமாகத் தள்ளிப் போடுங்கள். ஸ்லீவ் கிழிந்தாலும் ஒன்றோடொன்று உரசாது.

எர்த் ஒயரை மறக்காதீர்கள்

‘இரும்பும் இரும்பும் தொடுகிறதே, எர்த் தானாக வந்துவிடும்’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். டிரெய்லரைக் கோக்கும் கொக்கியில் கிரீஸ், துரு, பெயின்ட் எல்லாம் இருக்கும். குழியில் குலுங்கும்போது தொடர்பு விட்டு விட்டு வரும். பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்கலாக மினுங்குகிறதா? பெரும்பாலும் எர்த் சரியில்லை என்று அர்த்தம். பைக்கிலிருந்து டிரெய்லர் விளக்கு வரை எர்த்துக்கென்று தனி ஒயர் இழுப்பதே சரி.

கொக்கி அருகே பிளக் - சாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் திரும்பும்போது இழுபடாத அளவுக்கு ஒயர் தளர்வாக இருக்கட்டும். ஆனால், தரையில் உரசக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி-யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணம் கிடைப்பதிலும் சிக்கல் வரலாம். எனவே, டிரெய்லர் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும், இருட்டிய பிறகு சரக்கை ஏற்றி நிறுத்திவிட்டு, வீட்டில் ஒருவரை இருபதடி பின்னால் நிற்கச் சொல்லுங்கள். பின்விளக்கு, பிரேக், இடது, வலது என ஒவ்வொன்றாகப் போட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். ‘எல்லாம் பளிச்சுனு தெரியுது’ என்று பதில் வந்த பிறகு வண்டியைக் கிளப்புங்கள்.